மாஸ்டர் சிலிண்டர் வாங்கும் முன் உள்விட்டத்தைப் பாருங்கள்

பழைய காரின் முன்சக்கரங்களில் டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போடுகிறீர்களா? பெரும்பாலும் மாஸ்டர் சிலிண்டரையும், அதாவது பெடல் மிதியைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் பாகத்தையும், மாற்ற வேண்டியிருக்கும். “பெருசா போட்டா நல்லா பிடிக்கும்” என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். உள்விட்டம் 19 மி.மீ.யிலிருந்து 22 மி.மீ.யாகக் கூடினால், உள்ளே நகரும் பிஸ்டனின் பரப்பு சுமார் 34 சதவீதம் கூடும். பெடல் கல் மாதிரி இருக்கும், ஆனால் அதே மிதிக்குக் கிடைக்கும் அழுத்தம் கால்வாசி குறைந்துவிடும். ரொம்பச் சிறியதைப் போட்டாலோ, பெடல் தரையைத் தொடப் போகும். காலிப்பர் (பேட்களால் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) பிஸ்டனுக்குத் தோதான அளவைப் பார்த்து வாங்குங்கள்.

டிரம்முக்கான சில பழைய சிலிண்டர்களில் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் வால்வு உள்ளேயே இருக்கும். அதை டிஸ்க்கோடு இணைத்தால் பேட் உரசிக்கொண்டே இருக்கும், சக்கரம் சூடாகும்.

அப்புறம், வண்டியில் மாட்டும் முன்பே சிலிண்டரை வைஸில் பிடித்து, குமிழி நிற்கும் வரை பிஸ்டனை மெதுவாக அழுத்திக் காற்றை வெளியேற்றுங்கள். பெடலிலிருந்து வந்து தள்ளும் கம்பியான புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் நூலிழை இடைவெளி வேண்டும். பிரேக் ஆயில் பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றுங்கள். நான் துணியால் துடைத்தேன், பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிட்டது.