ஸ்கார்பரோவில் தெற்காசியப் பெண்கள் சேர்ந்து தைத் திருநாள் கொண்டாடுவது எப்படி

கணவரின் ஸ்பான்சரில் கனடாவுக்கு வந்து சேரும் பெண்ணுக்கு முதல் குளிர்காலம் மிகக் கடினமானது. டொராண்டோ நகரின் ஒரு பகுதியான ஸ்கார்பரோவின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் யாழ்ப்பாணத்துப் பெண்ணும், வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து வந்தவரும், பஞ்சாபியும், குஜராத்தியும் ஒரே தளத்தில் குடியிருந்தாலும், லிஃப்டில் ஒரு புன்னகையோடு அவர்களுடைய உறவு நின்றுவிடுகிறது. அவர்களை ஒன்றுசேர்க்க சனவரி நடுப்பகுதியை விடப் பொருத்தமான காலம் இல்லை. நமது பொங்கல், பஞ்சாபியரின் லோஹ்ரி, குஜராத்தியரின் உத்தராயண், நேபாளியரின் மாகே சங்கராந்தி, வங்காளியரின் பௌஷ சங்கராந்தி ஆகிய அனைத்தும் ஒரே வாரத்தில் வருகின்றன. பனிக்காலத்தில் பிட்டா எனப்படும் அரிசிமாவுப் பலகாரத்தைச் செய்து பகிர்வது வங்கதேசத்து முஸ்லிம் குடும்பங்களிலும் வழக்கம் என்பதால், அவர்களும் விருந்தாளிகளாக அல்லாமல் உரிமையோடு பங்கேற்க முடியும்.

சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகக் கனடா நாடாளுமன்றம் 2016இல் ஏற்றுக்கொண்ட பிறகு, பெரிய மேடை விழாக்களுக்குக் குறைவில்லை. அவை தேவையானவையே. ஆனால் தனித்துக் கிடக்கும் பெண் அங்கே போனால், கடைசி வரிசையில் அமர்ந்து உரைகளைக் கேட்டுவிட்டு, யாருடனும் பேசாமல் வீடு திரும்புவார். ஆகவே இருபது, முப்பது பேருக்கு மேல் கூட்ட வேண்டாம். மேடையும் வேண்டாம், அரசியல்வாதிகளும் வேண்டாம்.

இடத்தைப் பொறுத்தவரை, கோவில், குருத்வாரா, பள்ளிவாசல் மண்டபங்கள் எளிதாகக் கிடைக்கலாம். ஆயினும் பிற மதத்தவர் அங்கே கால்வைக்கத் தயங்குவார்கள். குடியிருப்பின் பார்ட்டி ரூம் அல்லது சமூக நிலையத்தின் அறை நல்லது. சமைக்க அனுமதி உண்டா என்பதை முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சனவரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுவதாலும், மாலை வேளையில் தனியே வெளியே செல்லப் பல வீடுகளில் மனத்தடை இருப்பதாலும், சனிக்கிழமை நண்பகலைத் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகளையும் மாமியாரையும் அழைத்து வரலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். மாமியாரையும் சேர்த்து அழைத்தால்தான் மருமகள் வர முடியும் என்ற நிலை சில வீடுகளில் இருக்கிறது. அழைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புவதோடு நிறுத்தாமல், கதவைத் தட்டி நேரில் சொல்வது அவசியம்.

இனி முக்கியமான விடயம். ஒரு பெண்ணை ‘வாருங்கள்’ என்று மட்டும் அழைக்காதீர்கள். ஒரு வேலையை அவரிடம் ஒப்படையுங்கள். சும்மா வந்து போகிறவருக்கு அந்த இடம் கடைசிவரை பிறர் வீடாகவே இருக்கும். அடுப்பின் முன்னே நிற்பவருக்கு அப்படி இராது. அரிசி மாவுக்குள் தேங்காயையும் பேரீச்ச வெல்லத்தையும் வைத்து ஆவியில் அவிக்கும் பாபா பிட்டாவை வங்காளப் பெண் செய்துகாட்டும்போது, கொழுக்கட்டை பிடித்துப் பழகிய நம் பெண்கள் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலேயே கைகொடுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆங்கிலம் பேசத் தயங்குபவர்களுக்கு இத்தகைய கைவேலைகளையே முதலில் கொடுங்கள்.

பால் பொங்குவதற்கு இண்டக்ஷன் அடுப்பு போதும். ஆனால் பித்தளைப் பானை அதில் சூடேறாது. காந்தம் ஒட்டும் அடிப்பாகமுள்ள எவர்சில்வர் பானை வேண்டும். பொங்கி வழிவதைத் தாங்க அடுப்பை அகலமான தட்டின்மேல் வையுங்கள். லோஹ்ரிக்கு வழக்கப்படி தீ மூட்ட அறைக்குள் இயலாதாகையால், ஒரு விளக்கை நடுவில் வைத்து, எள்ளுருண்டையையும் வேர்க்கடலையையும் சுற்றிவரப் பகிர்ந்துகொள்ளலாம். உணவைப் பொதுவாகச் சைவமாக வைத்துக்கொள்வது எல்லோருக்கும் நிம்மதி தரும். வெங்காயம், பூண்டு சேராத ஒரு பாத்திரத்தைத் தனியே வையுங்கள். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டா என்பதை முன்னரே விசாரித்து, உண்டென்றால் வேர்க்கடலையை அறவே விட்டுவிடுங்கள்.

ஆட்டத்துக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. நமது கும்மி, மலையாளிகளின் திருவாதிரைக்களி, பஞ்சாபியரின் கித்தா, குஜராத்தியரின் கர்பா ஆகிய நான்கிலும் கைதட்டு உண்டு. நான்கும் பெண்கள் கூடி ஆடி வளர்த்தவை. ஒருவர் கும்மிப் பாட்டைத் தொடங்கட்டும், மற்றவர்கள் தாளத்தைப் பிடித்துக்கொள்வார்கள். கித்தாவில் ஒருத்தி போலி எனப்படும் அடியை எடுத்துச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து முடிப்பார்கள் என்பதால், மொழி தெரியாதவரும் இரண்டாம் முறையிலேயே சேர்ந்துகொள்ளலாம்.

மஞ்சள் குங்குமம் கொடுக்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு கண்டிப்பான சொல். மராட்டியப் பெண்கள் இக்காலத்தில் நடத்தும் ஹல்தி குங்குமமும் நமது தாம்பூலமும் அழகான மரபுகள்தான். ஆனால் கணவரை இழந்தவரும் பிரிந்தவரும் அவற்றில் விலக்கப்பட்டே வந்திருக்கிறார்கள். போரில் கணவரைப் பறிகொடுத்துவிட்டு இந்நகரத்தில் வாழும் ஈழத்துப் பெண்கள் உங்கள் வாசலில் இன்னொரு முறை அந்த வலியைச் சுமக்கக் கூடாது. பூவையும் பழத்தையும் வரும் அனைவருக்கும் ஒரே தட்டிலிருந்து கொடுங்கள். முடிந்தால் கொடுக்கும் பொறுப்பைக் கணவரை இழந்தவர்களில் ஒருவரிடமே விடுங்கள்.

படம் எடுப்பதற்கும் ஒரு வரம்பு தேவை. அகதிக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களும், வன்முறை நிறைந்த வீட்டை விட்டு வந்தவர்களும் அங்கே இருக்கக்கூடும். அனுமதி பெறாமல் எவருடைய முகமும் முகநூலுக்குப் போகக் கூடாது. உதவி தேவைப்படுவோருக்காக, சமூக சேவைகளைப் பற்றிப் பல மொழிகளில் தகவல் தரும் 211 என்ற தொலைபேசி எண்ணைக் கழிப்பறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவையுங்கள். யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை.

கலைந்து போவதற்கு முன், பாத்திரம் கழுவும்போதே அடுத்த கூடலைத் தீர்மானித்துவிடுங்கள். ஏப்ரல் நடுவில் நமது சித்திரைப் பிறப்பு, மலையாளிகளின் விஷு, பஞ்சாபியரின் வைசாகி, சிங்களப் புத்தாண்டு, வங்காளியரின் புத்தாண்டான பொய்லா பொய்ஷாக் ஆகியவை மீண்டும் ஒன்றாக வருகின்றன. அதைத் தமிழர்கள் நடத்த வேண்டாம். சாவியையும் அழைப்புப் பட்டியலையும் வங்காளப் பெண்களிடம் கொடுத்துவிட்டு, எந்தப் பாத்திரத்தைக் கழுவ வர வேண்டும் என்று அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.