கூத்து வீடியோவுக்கு டிரான்சிஷன் போடுதல்: ரிசால்வில் முதல் பாடம்

மட்டக்களப்புப் பக்கம் கூத்து அரங்கேற்றம் என்றால் இப்போது களரியைச் சுற்றி நாலைந்து கைத்தொலைபேசியாவது உயர்ந்து நிற்கும். விடிய விடிய எடுத்ததை ஒட்டித் தரும் வேலை, ஊரில் கணினி தெரிந்த யாரோ ஒருவரின் தலையில் விழும். அவர்களுக்காகவே இந்தப் பாடம்: ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தைச் சீராக்கும் டிரான்சிஷனைப் போடுவது எப்படி என்று. மென்பொருள் டாவின்சி ரிசால்வ். இலவசப் பதிப்பே போதும்.

பிரேம் ரேட்

புதிய புரொஜெக்டைத் திறந்ததும் வலது கீழ் மூலையிலுள்ள பற்சக்கரத்தை அழுத்தி, மாஸ்டர் செட்டிங்ஸில் டைம்லைன் பிரேம் ரேட்டைப் பாருங்கள். செக்கனுக்கு எத்தனை பிரேம் (தனிப்படம்) என்பதுதான் அது. 30இல் எடுத்திருந்தால் 30, 25இல் எடுத்திருந்தால் 25. டைம்லைனில் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பட்டையில்) கிளிப் விழுந்த பிறகு மாற்ற விடாது. (இனித்தான் எடுக்கப் போகிறீர்களா? நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். ஷட்டரை 1/50இல் வைத்தால் பல்ப் வெளிச்சம் துடிக்காது.)

மிச்சக் காட்சி இல்லாமல் டிரான்சிஷன் இல்லை

புதிதாகப் பழகுபவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். கிராஸ் டிசால்வ், அதாவது ஒரு காட்சி மங்க அடுத்தது தெளியும் டிரான்சிஷன், ஓடும்போது இரண்டு கிளிப்பும் ஒரே நேரத்தில் தெரியும். 24 பிரேம் டிசால்வை வெட்டின் நடுவில் வைத்தால், முதல் கிளிப்பில் வெட்டுக்குப் பின்னால் 12 பிரேமும், அடுத்த கிளிப்பில் வெட்டுக்கு முன்னால் 12 பிரேமும் பதிவாகியிருக்க வேண்டும். கட்டியகாரன் வரவு முடிந்த கையோடு ரெக்கார்டிங்கை நிறுத்தி, அந்தக் கிளிப்பைக் கடைசிப் பிரேம் வரை டைம்லைனில் போட்டிருந்தால் அந்த 12 பிரேமுக்கு எங்கே போவது? எடுக்கும்போதே ஆட்டத்துக்கு முன் 5 செக்கன், பின் 5 செக்கன் சேர்த்து எடுத்துவிடுங்கள்.

போடும் முறை

1. எடிட் பக்கத்தில் இரண்டு கிளிப்பையும் ஒரே டிராக்கில் ஒட்டி வையுங்கள். நடுவில் ஒரு பிரேம் இடைவெளி கிடந்தாலும் கிளிப் அடுத்ததோடு கலக்காமல் கறுப்புக்குள் மங்கிப் போகும்.

2. டி (T) விசையை அழுத்தி, கிளிப்பின் நுனியைக் குறைக்கும் ட்ரிம் முறைக்குப் போங்கள். முதல் கிளிப்பின் முடிவை அரைச் செக்கனாவது உள்ளே இழுங்கள். இரண்டாவதின் தொடக்கத்தையும் அப்படியே. இந்த முறையில் இழுத்தால் இடைவெளி விழாது. முடிந்ததும் ஏ (A) விசையால் சாதாரண முறைக்குத் திரும்புங்கள்.

3. பிளேஹெட்டை (ஓடும் இடத்தைக் காட்டும் நிலைக்குத்துக் கோட்டை) வெட்டுக்கு அருகே வைத்து வி (V) விசையை அழுத்தினால் வெட்டு தெரிவாகும். பச்சை என்றால் மிச்சம் இருக்கிறது. சிவப்பு என்றால் அந்தப் பக்கம் காலி; 2ஆம் படிக்குத் திரும்புங்கள்.

4. ஆல்ட்டும் டியும் சேர்த்து அழுத்துங்கள். படத்துக்கு மட்டும் டிசால்வ் விழும். கண்ட்ரோலும் டியும் அழுத்தினால் ஒலிக்கும் சேர்த்து விழும். கூத்துக்கு அது வேண்டாம், காரணம் கீழே.

5. விழுந்த பட்டையைக் கிளிக் செய்தால் இன்ஸ்பெக்டரில் நீளமும் அலைன்மெண்டும் (வெட்டின் நடுவிலா, ஒரு பக்கமா என்பது) தெரியும். 12 முதல் 24 பிரேம் வரை போதும்.

போதிய பிரேம் இல்லையென்று பெட்டி ஒன்று வந்தால், அதிலுள்ள ட்ரிம் கிளிப்ஸ் பொத்தானை யோசிக்காமல் அழுத்தாதீர்கள். கிளிப்புகள் குறுகி, தனியாகப் பதிந்த பாட்டுக்கும் படத்துக்கும் பொருத்தம் போய்விடும்.

பிளேட் கருவியால் ஒரே கிளிப்பை இரண்டாக வெட்டி, நடுவில் எதையும் நீக்காமல் டிசால்வ் போட்டுவிட்டு "ஒன்றுமே தெரியவில்லையே" என்று மினக்கெடுபவர்களும் உண்டு. இரு பக்கமும் ஒரே பிரேம்கள்தான் ஓடுகின்றன, தெரியாது.

எங்கே போடுவது, எங்கே விடுவது

ஆட்டத்தின் நடுவே டிசால்வ் வேண்டாம். ஒரே கோணத்தில் எடுத்த இரண்டு துண்டைக் கலந்தால் ஆட்டக்காரருக்கு நாலு கால் முளைக்கும். அங்கே வெறும் வெட்டுத்தான்; அதையும் மத்தளத்தில் அடி விழும் பிரேமிலேயே வையுங்கள். ஒலி அலைவடிவத்தில் அடி கூர்முனையாகத் தெரியும். கோணம் மாறாத இடத்தில் அண்ணாவியாரின் (கூத்தை நடத்தும் ஆசானின்) கையையோ சல்லாரியையோ (கைத்தாளத்தையோ) நெருக்கமாக எடுத்த துண்டொன்றை நடுவில் செருகினால், வெட்டில் படம் துள்ளுவது மறையும்.

டிசால்வுக்கு ஏற்ற இடம் தாளம் தீர்ந்து ஒரு வரவு முடிந்து அடுத்தது தொடங்கும் இடம். நள்ளிரவிலிருந்து விடியலுக்குத் தாவும்போது டிப் டு கலரை (காட்சி ஒரு நிறத்துக்குள் மறைந்து அடுத்தது வெளிவருவதை) கறுப்பில் போடலாம். பக்கம் புரட்டுவது, நட்சத்திரம் வெடிப்பது எல்லாம் சாமத்திய வீட்டு அல்பத்தோடு நிற்கட்டும்.

ஒலி

ஒலியில் நீண்ட கிராஸ்ஃபேடு போட்டால் இரண்டு பதிவின் மத்தள அடிகளும் சற்றே முன்பின்னாக விழுந்து இரட்டை அடியாகக் கேட்கும். வெட்டில் "டக்" என்ற சத்தம் வராமலிருக்க, வெட்டைத் தெரிவுசெய்து ஷிஃப்டும் டியும் அழுத்தி, நீளத்தை 2 முதல் 4 பிரேமாகக் குறையுங்கள். இரண்டு கமரா என்றால் இன்னும் சுகம்: ஒரு கமராவின் ஒலியை ஆட்டம் முழுக்க ஓடவிட்டு, மற்றதன் ஒலியை நிறுத்திவிடலாம்.

ஓட்டிப் பார்க்கும்போது திக்கினால்

பிளேபேக் மெனுவில் ரெண்டர் கேஷை (கனமான பகுதிகளை முன்கூட்டியே தயாரித்துச் சேமிக்கும் வசதியை) ஸ்மார்ட்டில் வையுங்கள். டைம்லைனுக்கு மேலுள்ள சிவப்புக் கோடு நீலமானதும் சீராக ஓடும். அப்படியும் திக்கினால் அதே மெனுவில், ஓட்டிப் பார்க்கும் படத்தின் ரெசொலூஷனைப் பாதியாக்குங்கள்.