டேப்பில் பேக்கப் எடுப்பதும் மீட்பதும்: லினக்ஸில் முதல் முயற்சி

2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர்கள் சிலரின் அஞ்சல்கள் மறைந்தபோது, கூகுள் அவற்றை டேப்பிலிருந்தே (காந்த நாடாவிலிருந்தே) மீட்டது. பிழை பல நகல்களையும் பாதித்திருந்தது. கணினியிலிருந்து கழற்றி வைத்திருந்த டேப் மட்டும் தப்பியது.

உங்கள் லினக்ஸ் கணினியில் எல்டிஓ (LTO) வகை டேப் டிரைவ் இணைந்திருப்பதாகக் கொள்வோம். எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜ் (டேப் அடங்கிய பெட்டி) ஒன்றில் சுருக்காமலேயே 12 டெராபைட் கொள்ளும். அதன் ஓரத்திலுள்ள சிறு தாழ், எழுதவிடும் நிலையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது, புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம். ஒரே டிரைவுக்கு லினக்ஸில் இரண்டு பெயர்கள் உண்டு. ‘எஸ்டி0’ (/dev/st0) என்று அழைத்தால், வேலை முடிந்தவுடன் டேப் தானாகவே தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். ‘என்எஸ்டி0’ (/dev/nst0) என்று அழைத்தால் நின்ற இடத்திலேயே நிற்கும். நான் ஒருமுறை பயனர் கோப்புகளை எழுதிவிட்டு, அதே டேப்பில் தரவுத்தளத்தையும் ‘எஸ்டி0’ வழியாகவே எழுதினேன். இரண்டாவது முதலாவதன் தலைமேலேயே எழுதப்பட்டுவிட்டது. அதற்கு அப்பால் மிஞ்சியதையும் டிரைவ் படிக்க மறுத்தது. ஆகவே எப்போதும் ‘என்எஸ்டி0’வையே பயன்படுத்துங்கள்.

புதிய டேப்பை, டேப்பை நகர்த்தும் எம்டி (mt) கட்டளையின் ‘ரீவைண்ட்’ (rewind) மூலம் தொடக்கத்துக்குக் கொண்டுவந்து, கோப்புகளை ஒரே தொகுப்பாக்கும் டார் (tar) கட்டளையை ‘சி’ (c) விருப்பத்துடன் இயக்கினால் கோப்புகள் எழுதப்படும். டார் இயல்பாக 10 கிலோபைட் தொகுதிகளாக எழுதும்; தொகுதிக் காரணியை (ஒரு தொகுதியில் எத்தனை 512 பைட் துண்டுகள் என்ற எண்ணை) 512 என்று கொடுத்தால் அது 256 கிலோபைட் ஆகும். தரவு மெதுவாக வந்தால் டேப் நின்று, பின்னோக்கிச் சென்று, மறுபடி ஓடித் தேய்ந்துபோகும் என்பதால், சிறு கோப்புகள் ஏராளமாக இருந்தால் முதலில் வட்டில் ஒரே கோப்பாகத் திரட்டிக்கொள்வது நல்லது.

எழுதியதும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றி, அதே தொகுதிக் காரணியுடன் டாரின் ‘டி’ (t) விருப்பத்தால் பட்டியலைப் படித்துப் பாருங்கள். படிக்காத டேப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதில்லை.

மீட்கும்போது வெற்று அடைவு ஒன்றுக்குள் சென்றுவிடுங்கள். டார் பாதையின் தொடக்கத்திலுள்ள சாய்கோட்டை (/) நீக்கியே சேமித்திருப்பதால், கோப்புகள் அந்த அடைவுக்குள்ளேயே விரியும், நடப்புக் கோப்புகள் அழியா. டேப்பிலுள்ள இரண்டாவது தொகுப்பு வேண்டுமானால், ‘ரீவைண்ட்’ செய்து, எம்டியின் ‘எஃப்எஸ்எஃப் 1’ (fsf 1) மூலம் முதல் தொகுப்பின் முடிவிலுள்ள குறியைத் தாண்டி, எழுதிய அதே தொகுதிக் காரணியுடன் டாரை ‘எக்ஸ்’ (x) விருப்பத்தில் இயக்குங்கள். உரிமையாளர், அனுமதி விவரங்கள் மாறாமலிருக்க ரூட் (root) என்ற முழு அதிகாரமுள்ள பயனராக இதைச் செய்ய வேண்டும்.

முடிந்ததும் டேப்பை வெளியே எடுத்து, தாழைப் பூட்டி, தேதி, தொகுப்புகளின் வரிசை, தொகுதிக் காரணி ஆகிய மூன்றையும் லேபிளில் எழுதி ஒட்டுங்கள்.