வெள்ளத்தில் மூழ்கிய காரும் நனைந்த வீடும்: நிவாரணம், இன்சூரன்ஸ் இரண்டையும் வாங்குவது எப்படி?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் எங்கள் தரைத்தள வீட்டிலும் காரிலும் தண்ணீர் புகுந்தது. காருக்கான கிளைமில் "எஞ்சின் செலவு சேராது" என்று இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் கையை விரித்தது, கடைசியில் கொடுத்தது. நடுவில் எந்தக் காகிதம் வேலை செய்தது என்பதை வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போதெல்லாம் யாராவது கேட்கிறார்கள். அதனால் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று: நிவாரணம் வேறு, இன்சூரன்ஸ் வேறு. முன்னது அரசு அறிவிப்பது, வருவாய்த் துறை, ரேஷன் கடை வழியாக வரும். பின்னது நீங்கள் பிரீமியம் கட்டிப் போட்ட ஒப்பந்தம். "அரசுப் பணத்தை வாங்கினால் கிளைம் போய்விடும்" என்று தெருவில் ஒருவராவது சொல்வார். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

படி 1: துடைப்பதற்கு முன் படம் எடுங்கள்

மெயின் ஸ்விட்சை அணைப்பது, ஈரக் கையால் எதையும் தொடாமல் இருப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். படத்துக்கு வருவோம்.

சுவரில் சேற்றுக்கோடு தெரியும்படி ஒரு படம். பக்கத்தில் ஓர் அளவு டேப்பைப் பிடித்து இன்னொரு படம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் மாடல் எண், சீரியல் எண் அச்சிட்ட ஒட்டி இருக்கும், அதையும் எடுங்கள். பில் நனைந்து கூழாகியிருந்தாலும் இந்த எண்ணை வைத்துக் கடைக்காரரிடம் பழைய பில்லைக் கேட்கலாம். அப்புறம் வாசலில் தொடங்கிப் பின்கட்டு வரை எங்கும் நிறுத்தாமல் ஒரே வீடியோ.

வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் "டாக்குமென்ட்" ஆக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் தரம் குறையும், எடுத்த தேதி, நேர விவரமும் போய்விடும். தேதி, இடம் இரண்டையும் படத்தின் மேலேயே அச்சிடும் ஜிபிஎஸ் கேமரா செயலிகள் உண்டு. எனக்கு அவை அவ்வளவாகப் பிடிக்காது, பாதிப் படத்தை எழுத்தே மறைத்துவிடும். ஆனால் சர்வேயர்களுக்கு (இன்சூரன்ஸ் நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிட வருபவர்கள்) அவை பிடித்திருக்கின்றன, ஆகவே நாலைந்து படத்தை அதில் எடுத்துவிடுங்கள்.

படி 2: உடனே தகவல் கொடுங்கள், எழுத்தில் கொடுங்கள்

கால் சென்டருக்கு அழைத்து கிளைம் எண் வாங்குங்கள். வாங்கிய கையோடு அதே எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் ஒன்றும் அனுப்புங்கள். ஊரே மூழ்கிய வாரத்தில் அந்தத் தொலைபேசி எளிதில் கிடைக்காது. அப்போது மின்னஞ்சல்தான் கை கொடுக்கும், பிறகு "எங்களுக்குத் தகவலே வரவில்லை" என்று யாரும் சொல்லவும் முடியாது. செயலிகளில் உள்ள அரட்டைப் பெட்டியை நான் நம்புவதில்லை. அதில் பேசியது நம் கையில் தங்குவதில்லை.

படி 3: நிவாரணத் தொகை

மிக்ஜாமின்போது சென்னைக்கும், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கும் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் அறிவித்தார்கள். டோக்கன் கொடுத்து ரேஷன் கடையில் ரொக்கமாகத் தந்தார்கள். டோக்கன் வராதவர்களுக்குக் கடையிலேயே விண்ணப்பப் படிவம் இருந்தது. படிவம் நிரப்பிக் கொடுப்பவர்கள் பாதிப்பு விவரம், வங்கிக் கணக்கு விவரம் இரண்டையும் தெளிவாக எழுதுங்கள். கொடுக்கும் முன் படிவத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தொகை எல்லாருக்கும் பொதுவானது. குடிசை, கால்நடை, பயிர் இழப்பு தனிக் கணக்கு, அது வி.ஏ.ஓ. எடுக்கும் பட்டியலில் ஏற வேண்டும். மிக்ஜாமுக்குச் சேதமடைந்த குடிசைக்கு 8,000, இறந்த மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். கால்நடை இறந்திருந்தால் புதைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரை அழைத்துச் சான்று வாங்குங்கள். கணக்கெடுப்புக்கு வரும்போது நீங்கள் வீட்டில் இல்லையென்றால் பெயர் விடுபட வாய்ப்பு அதிகம், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். விடுபட்டே போனால் 1100 என்ற முதல்வரின் முகவரி எண்ணில் புகார் பதியலாம், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் நாளில் மனுவும் கொடுக்கலாம். என் ஓட்டு மனுவுக்குத்தான், மனு எண்ணை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரேஷன் அட்டை, பட்டா, சான்றிதழ் எல்லாம் தண்ணீரோடு போய்விட்டால், பெரிய வெள்ளத்துக்குப் பின் மாற்று ஆவணம் கொடுக்கச் சிறப்பு முகாம் போடுவார்கள். முகாம் நடக்கும்போதே போய்விடுங்கள், பிறகு வழக்கமான வரிசைதான்.

படி 4: ஜாப் கார்டு (இங்கே நிதானமாகப் படியுங்கள்)

காருக்கு முழு இன்சூரன்ஸ் இருந்தால் வெள்ளச் சேதம் அதில் சேரும். தேர்டு பார்ட்டி (அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கானது) மட்டும் என்றால் ஒன்றும் கிடைக்காது. முழு இன்சூரன்ஸிலும் ஒரு முள் உண்டு. எஞ்சினுக்குள் தண்ணீர் போன நிலையில் ஸ்டார்ட் செய்தால், தண்ணீர் அழுந்தாது என்பதால் பிஸ்டன் முட்டி நின்றுவிடும், அதோடு இணைந்த தண்டான கனெக்டிங் ராடு வளையும். "இது வெள்ளம் செய்த சேதமில்லை, நீங்கள் சாவி திருப்பியதால் வந்த பின்விளைவு" என்று நிறுவனம் சொல்லும். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவர் எடுத்திருந்தால் மட்டுமே அதற்குப் பணம் கிடைக்கும். ஆகவே தண்ணீர் வடிந்ததும் "ஓடுகிறதா என்று சும்மா பார்ப்போம்" என்று சாவியைத் தொடாதீர்கள். முடிந்தால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிடுங்கள்.

நாங்கள் சாவியைத் தொடவே இல்லை. வண்டியை டோ செய்துதான், அதாவது இன்னொரு வண்டியில் ஏற்றித்தான், கொண்டுபோனோம். ஆனால் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை எடுத்துக்கொண்டவர் ஜாப் கார்டில் (வண்டியை எடுத்துக்கொள்ளும்போது அவர்கள் நிரப்பும் படிவம்) வழக்கம்போல "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று எழுதிவிட்டார். அவருக்கு அது தினமும் எழுதுகிற வரி. நிறுவனமோ, "ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஸ்டார்ட் செய்து பார்த்திருக்கிறீர்கள்" என்று அர்த்தம் எடுத்துக்கொண்டது. எஞ்சின் பகுதி முழுக்க அந்த ஒரு வரியால் அடிபட்டது.

ஜாப் கார்டில் இந்த நான்கும் வரவேண்டும்: வண்டி நிறுத்தியிருந்த இடத்தில் மூழ்கியது, தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது, இக்னிஷன் போடவில்லை, டோ செய்து கொண்டுவரப்பட்டது. ஆங்கிலத்தில் எழுதினாலும் நான்கும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பின்னால் கூட்டம் நிற்கும், அவசரப்படுத்துவார்கள். நிற்கட்டும்.

ஏற்கெனவே தவறாக எழுதிவிட்டார்களா? எங்களுக்கு நிலைமையைத் திருப்பியவை மூன்று. முதலாவது டோ வண்டி ரசீது, அதில் வண்டியை ஏற்றிய இடமும் நேரமும் இருந்தன. இரண்டாவது, ஜாப் கார்டைத் திருத்தித் தரக் கேட்டு ஒர்க்‌ஷாப்புக்கு எழுதிய மின்னஞ்சலும் அவர்கள் தந்த பதிலும். மூன்றாவதுதான் பலமானது: எஞ்சினைத் திறந்தபோது கனெக்டிங் ராடு நேராக இருந்ததைக் காட்டும் படம். தண்ணீரோடு சுற்றியிருந்தால் ராடு அப்படி நேராக இருந்திருக்காது என்று எழுதி, படத்தையும் இணைத்தோம். அதன் பிறகு அவர்கள் வாதம் செய்யவில்லை.

சர்வேயர் வராமல் எஞ்சினைத் திறக்க விடாதீர்கள். அவர் கண்ணுக்கு முன் திறக்கட்டும், அல்லது திறக்கலாம் என்று எழுத்தில் சொல்லட்டும்.

படி 5: சர்வேயர்

வாகனத்துக்கு 50,000 ரூபாய், மற்றவற்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் தாண்டிய இழப்பை உரிமம் பெற்ற சர்வேயர்தான் மதிப்பிட வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 விதிப்படி, தகவல் கொடுத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அறிக்கை வந்த 7 நாளில் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும். வெள்ள நேரத்தில் இது இழுபடும். ஆனாலும் நினைவூட்டல் அனுப்பும்போது இந்த நாட்கணக்கைக் குறிப்பிட்டால் பதில் வரும் வேகமே வேறு.

அவர் வரும்போது பட்டியலைக் கையில் கொடுங்கள்: பொருள், வாங்கிய ஆண்டு, விலை, பட எண். எக்ஸெல் வேண்டாம், ஒரே பக்கத்தில் அச்சிட்ட தாள் போதும். மின்னஞ்சலில் வரும் கோப்பைவிட கையில் கொடுத்த தாள்தான் அறிக்கையோடு போகும். நனைந்த மெத்தையையும் அலமாரியையும் அவர் பார்க்கும் வரை தெருவில் போட வேண்டாம். நாற்றம் தாங்கவில்லை, மாநகராட்சி வண்டி வந்து நிற்கிறது என்றால், "அப்புறப்படுத்துகிறேன், படங்கள் இணைப்பில்" என்று மின்னஞ்சல் போட்டுவிட்டுத் தூக்கிக் கொடுங்கள்.

வீட்டுக் காப்பீடு பாரத் கிருஹ ரக்‌ஷா வகையில் எடுத்ததா என்று பாருங்கள். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரவேண்டிய பொதுவான பாலிசி அது. கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்திருந்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை வீட்டுப் பொருட்களும் தானாகவே சேரும். பலர் இது தெரியாமல் சுவருக்கு மட்டும் கேட்டுவிட்டு ஃபிரிட்ஜை விட்டுவிடுகிறார்கள்.

படி 6: தொகை குறைவாக வந்தால்

வரத்தான் செய்யும். கார் என்றால் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்குத் தேய்மானம் என்று பாதி கழிப்பார்கள், தேய்மானமில்லாக் கவர் இல்லாதவர்கள் இதில் சண்டை போட்டுப் பயனில்லை. மற்ற குறைப்புகளுக்குக் காரணம் கேளுங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. எந்த வரியில் எதைக் குறைத்தார் என்று அதில் இருக்கும். பழுதுச் செலவு ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பு) தொகையில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கணக்கிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா என்ற புகார்த் தளத்திலும் பதியலாம், எண் 155255. ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தியில்லை என்றால் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களைத் தீர்க்கும் நடுவர். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி, காரைக்காலுக்கும் சென்னையில்தான் அலுவலகம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்சம் ரூபாய் வரை தீர்ப்புச் சொல்லலாம், நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அதே விஷயத்துக்கு நுகர்வோர் ஆணையத்தில் ஏற்கெனவே வழக்குப் போட்டிருந்தால் இங்கே எடுக்க மாட்டார்கள். எங்களுக்கு இந்தக் கட்டம் வரை வரத் தேவைப்படவில்லை. ஆம்பட்ஸ்மேனிடம் போகப்போவதாகக் குறைதீர் அதிகாரிக்கு எழுதியதோடு முடிந்தது.

சேர்த்தவை (படித்தவர்கள் கேட்டதால்)

வீட்டுக் கடன் எடுத்தபோது வங்கி "இன்சூரன்ஸ்" என்று பிடித்த தொகை வீட்டுக்கானது என்று நினைத்து ஒருவர் கிளைம் போட்டிருக்கிறார். அது கடன் வாங்கியவரின் உயிருக்கான காப்பீடு. வங்கியில் பாலிசி நகலை வாங்கிப் பாருங்கள். உண்மையிலேயே வீட்டுக்கானது என்றாலும், பணம் முதலில் வங்கிக்குப் போகும்படி ஒரு பிரிவு அதில் இருக்கலாம்.

2024 டிசம்பர்: ஃபெஞ்சல் புயலுக்கு விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சிப் பக்கம் 2,000 ரூபாய் அறிவித்த சமயத்தில் அங்கிருந்து வந்த கேள்விகளில் பாதி பைக் பற்றியவை. "ஐந்து வருட இன்சூரன்ஸ் இருக்கிறது, ஆனாலும் கிளைம் இல்லை என்கிறார்கள்." புது பைக்கோடு வரும் பாலிசியில் ஐந்து வருடம் என்பது தேர்டு பார்ட்டிக்கு மட்டும். சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும், அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டும். புதுக் கார்களிலும் இதே கதைதான், அங்கே மூன்று வருடம். பாலிசியின் முதல் பக்கத்தில் இரண்டு முடிவுத் தேதிகள் தனித்தனியாக அச்சாகியிருக்கும். "ஓன் டேமேஜ்" என்று இருக்கும் வரியின் தேதியைப் பாருங்கள். முடிந்திருந்தால் அக்டோபருக்குள் புதுப்பித்துவிடுங்கள். விட்டுப்போன பாலிசியைப் புதுப்பிக்க வண்டியை நேரில் பார்வையிட வேண்டும் என்பார்கள், புயல் எச்சரிக்கை வந்த பிறகு அதற்கு ஆள் கிடைக்காது.