மாணவர்களுக்கு ஒரு வாடகை சைக்கிள் ஆப்: நாகர்கோவிலில் தொடங்குவோம்

கோணத்தில் விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு வடசேரி பேருந்து நிலையம் வரை போய்வர ஒரு வண்டி வேண்டும். பக்கத்துத் தெருவில் இன்னொரு மாணவரின் சைக்கிள் சும்மா நிற்கும். இந்த இருவரையும் சேர்த்து வைக்கிற ஆப்பைத்தான் செய்யப்போகிறோம்.

படி 1: எந்த வண்டி?

நிரல் (கோட்) எழுதும் முன் இதை முடிவு செய்யுங்கள். வெள்ளை நம்பர் பிளேட் போட்ட சொந்த ஸ்கூட்டரை அப்படியே வாடகைக்கு விட முடியாது. மோட்டார் வாகனச் சட்டப்படி அதற்கு உரிமம் வேண்டும். 1997-இல் வந்த மோட்டார் சைக்கிள் வாடகைத் திட்டத்தில் உரிமம் கேட்கவே குறைந்தது 5 வண்டிகள் இருக்க வேண்டும். விபத்து என்று வந்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கலாம். மாணவர் தலையில் அந்தச் சுமையை ஏற்றாதீர்கள். சைக்கிளோடு தொடங்குங்கள். அப்புறம், பதிவு தேவைப்படாத, மணிக்கு 25 கி.மீ. வேகத்தைத் தாண்டாத சிறிய மின் ஸ்கூட்டர்களைச் சேர்க்கலாம்.

படி 2: மூன்று அட்டவணைகள்

ஆப்பின் தகவல்களைச் சேமிக்க மூன்று அட்டவணைகள் வேண்டும்: பயனர், வண்டி, முன்பதிவு. இவ்வளவுதான். சூபாபேஸ் (Supabase) என்ற இணையச் சேவையில் இலவசக் கணக்கு தொடங்கினால், இவற்றை வைக்க போஸ்ட்கிரெஸ் (Postgres) என்ற தரவுத்தளம் தயாராகக் கிடைக்கும். ஆப்பின் திரைகளை ஃபிளட்டர் (Flutter) என்ற ஆப் உருவாக்கும் கருவியில் செய்யலாம்.

படி 3: ஒரே சைக்கிள், இரண்டு பேர்

ஆப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. சனிக்கிழமை காலை 9 முதல் 1 மணி வரை ஒருவர் பதிவு செய்துவிட்டார். இன்னொருவர் 12 முதல் 3 வரை கேட்கிறார். மோதுகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு கேள்விகள் போதும்: புதிய பதிவு, பழையது முடியும் முன்பே தொடங்குகிறதா? பழையது, புதியது முடியும் முன்பே தொடங்குகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் மோதல். 1 முதல் 3 வரை கேட்டால் முதல் கேள்விக்கே இல்லை என்று வரும், தாராளமாகக் கொடுக்கலாம்.

இந்தச் சோதனையை ஆப்பில் மட்டும் வைத்தால் போதாது. இரண்டு பேர் ஒரே நொடியில் பொத்தானை அழுத்தினால், இருவருக்குமே வண்டி காலியாகத்தான் தெரியும். அதனால் தடையைத் தரவுத்தளத்திலேயே போடுங்கள். போஸ்ட்கிரெஸில் இதற்கென்றே 'எக்ஸ்குளூஷன் கன்ஸ்ட்ரெயின்ட்' உண்டு. ஒரே வண்டி எண், ஒன்றன்மேல் ஒன்று விழும் நேரம் என்று இரண்டும் சேர்ந்தால், இரண்டாவது பதிவை அதுவே தள்ளிவிடும். வண்டி எண்ணையும் அதில் சேர்க்க 'பி-ட்ரீ ஜிஸ்ட்' (btree_gist) என்ற நீட்டிப்பை முதலில் இயக்க வேண்டும்.

படி 4: கைமாறும் நேரம்

வண்டியைக் கொடுக்கும்போதும் திருப்பி வாங்கும்போதும் நான்கு பக்கமும் படம் எடுக்கச் சொல்லுங்கள். படம் ஏறினால்தான் பதிவு அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். நம் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும். செயின் துருப்பிடிக்கும், பிரேக் வழுக்கும். ஆகவே, "பிரேக் பிடிக்கிறதா?" என்ற கேள்விக்கு வாங்குபவர் ஓட்டிப் பார்த்துப் பதில் தரட்டும்.

படி 5: பணமும் அடையாளமும்

வாடகை யுபிஐ வழியாக நேரே உரிமையாளருக்குப் போகட்டும். பணத்தை நீங்கள் வாங்கி வைத்துப் பிரித்துக் கொடுக்கப் போனால் ரிசர்வ் வங்கி விதிகளைப் பார்க்க வேண்டிவரும். ஆதார் நகலைக் கேட்காதீர்கள். கல்லூரி மின்னஞ்சலுக்குக் குறியீடு அனுப்பிச் சரிபார்த்தால் போதும்.

சரி, இப்போது இரண்டு போனில் ஒரே சைக்கிளை ஒரே நேரத்துக்குப் பதிவு செய்து பாருங்கள். ஒன்று நின்று மற்றொன்று தள்ளப்பட்டால், விடுதி நண்பர்களின் சைக்கிள்களைச் சேர்க்கத் தொடங்கலாம்.