உப்புநீர்த் தொட்டி தொடங்குபவர்களுக்கு: இறாலை வைத்துக் கணக்குப் போடுங்கள்

முதல் தொட்டிக்கு 100 லிட்டர் தண்ணீர், இரண்டு க்ளவுன் மீன், ஒரு க்ளீனர் இறால் போதும். தண்ணீரில் உப்பு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் மீன் சமாளித்துக்கொள்ளும். இறாலுக்கு அந்தத் திறன் குறைவு. அதனால் எதைச் செய்தாலும் இறால் தாங்குமா என்று பார்த்துச் செய்யுங்கள்.

படி 1: தண்ணீர்

குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதில் குளோரின் இருக்கும். வீட்டு ஆர்ஓ மெஷின்கள் பலவற்றில் சுவைக்காகத் தாது சேர்ப்பார்கள், அதுவும் ஒத்துவராது. டிஐ ஃபில்டரும் (ஆர்ஓ விட்டுவைத்த தாதுக்களையும் நீக்கும் வடிகட்டி) சேர்ந்த ஆர்ஓ தண்ணீர் வாங்குங்கள். தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்யத்தை ஒட்டிக் காட்ட வேண்டும். சென்னைக்காரர்கள் கடற்கரையில் குடம் நிரப்பி வரவும் வேண்டாம். கூவமும் அடையாறும் கலக்கிற கரை அது.

மரைன் சால்ட்டைத் (கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கும் உப்பு) தனி வாளியில் கரைத்து, ஒரு இரவு பவர்ஹெட் (தண்ணீரைச் சுழற்றும் சின்ன பம்ப்) ஓடவிடுங்கள். மறுநாள் உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்தால் ஆயிரத்துக்கு 35 இருக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது.

படி 2: காத்திருப்பு

பாறை, மணல், தண்ணீர் மூன்றையும் போட்டாயிற்று. உடனே மீன் வாங்கக் கிளம்பாதீர்கள். ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுங்கள். முதலில் அம்மோனியா ஏறும். பிறகு அது இறங்கி நைட்ரைட் ஏறும். கடைசியில் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் மிஞ்சும். இந்தக் கழிவை மாற்றும் பாக்டீரியா பாறையில் குடியேறிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். இவற்றை அளக்கும் டெஸ்ட் கிட் அப்படிச் சொல்லும்வரை உயிர் எதையும் விடாதீர்கள்.

பாறை என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். பவளப்பாறையும் கடற்குதிரையும் இந்தியாவில் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. "மன்னார் வளைகுடா சரக்கு" என்று கடையில் காட்டினால் தொடாதீர்கள். தொட்டிக்கென்றே செய்த செராமிக் பாறை அதே வேலையைச் செய்யும். க்ளவுன் மீனிலும் பண்ணையில் பொரித்ததையே கேட்டு வாங்குங்கள்.

படி 3: உள்ளே விடுவது

கடைகளில் பலர் மீன் தொட்டியில் உப்பைக் குறைத்தே வைப்பார்கள். பையைப் பிரித்ததும் அந்தத் தண்ணீரை அளந்து பாருங்கள். 28 என்று காட்டினால், இறாலை நேராக 35-இல் போடுவது அதைக் கொல்வதற்குச் சமம். பையில் உள்ளதைச் சின்ன வாளியில் ஊற்றி, தொட்டியிலிருந்து ஏர் ட்யூப் ஒன்றை இழுத்து அதில் ஒரு முடிச்சுப் போடுங்கள். நொடிக்கு இரண்டு சொட்டு விழுந்தால் சரி. வாளித் தண்ணீரும் தொட்டித் தண்ணீரும் ஒரே அளவைக் காட்டிய பிறகு இறாலை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது.

சில வாரம் கழித்து ஒரு காலை, இறால் செத்து மணலில் கிடப்பதுபோல் தெரியும். உற்றுப் பாருங்கள்: கண்ணாடிபோல வெற்று ஓடு, முதுகில் பிளவு, மீசைகூட அப்படியே இருக்கும். சட்டை உரித்திருக்கிறது, அவ்வளவுதான். புது ஓடு இறுகும்வரை இறால் பாறை இடுக்கில் ஒளிந்திருக்கும். தேடிப் பிடிக்க வேண்டாம்.

படி 4: அன்றாடம்

ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். 100 லிட்டரில் 5 லிட்டர் குறைந்தால் 35 என்பது ஏறக்குறைய 37 ஆகிவிடும். கண்ணாடியில் டேப் ஒட்டி, தினமும் அந்தக் கோடு வரை உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். வெயில் காலத்தில் சூட்டைத் தணிக்க மேலே சின்ன ஃபேன் வைத்தால் தண்ணீர் இன்னும் வேகமாகக் குறையும், அதையும் கவனியுங்கள். வெப்பம் 25–26 டிகிரி இருந்தால் நல்லது. வாரம் 10 லிட்டர் மாற்றுங்கள்.

மீன் மேல் உப்புத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளி வந்தால், கடைக்காரர் தரும் தாமிர மருந்தைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். மீன் பிழைக்கும், இறால் சாகும். தாமிரம் பாறையிலும் மணலிலும் தங்கிவிடும். மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். இறால் பழைய இடத்திலேயே இருக்கட்டும். வெள்ளைப் புள்ளியை உண்டாக்கும் ஒட்டுண்ணி மீன் இல்லாமல் பெருகாது. 11 வாரம் பொறுத்து மீன்களைத் திரும்ப விடலாம்.