குவாங்சோவில் வீடு எடுக்கப் போகிறீர்களா? முதலில் வீட்டுக்காரரைப் பாருங்கள்

தென்சீனாவின் குவாங்சோவுக்கு வேலைக்கோ வியாபாரத்துக்கோ வருகிற நம்மவர்கள் வீடு பார்க்கும்போது முதலில் வாடகையைக் கேட்கிறார்கள், அடுத்து சமையலறையை எட்டிப் பார்க்கிறார்கள். இரண்டும் அப்புறம் ஆகட்டும். ஏஜென்டிடம் முதலில் கேட்க வேண்டியது வேறு: வெளிநாட்டுக்காரர் பெயரைப் போலீஸில் பதிய வீட்டுக்காரர் ஒத்துழைப்பாரா? இழுத்தடிக்கிற பதில் வந்தால் வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்ததைப் பார்க்கப் போய்விடுங்கள்.

ஹோட்டலில் தங்கும்வரை இந்தப் பதிவை ஹோட்டல்காரர்களே பார்த்துக்கொள்வார்கள். சொந்தமாக வீட்டுக்குக் குடிபோனால் 24 மணி நேரத்துக்குள் அந்த வட்டாரக் காவல் நிலையத்தில் நீங்கள்தான் பதிய வேண்டும். 'பைச்சூசுவோ' எங்கே என்று கேட்டால் எந்த வாட்ச்மேனும் வழி காட்டுவார். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், வீட்டுக்காரரின் அடையாள அட்டை நகல், வீட்டுப் பத்திர நகல் ஆகியவை கையில் இருக்கட்டும். கடைசி இரண்டும் வீட்டுக்காரர் மனது வைத்தால்தான் கிடைக்கும். அதனால்தான் ஆளைப் பாருங்கள் என்கிறேன். பதியாமல் விட்டால் எச்சரிக்கையோடு போகலாம், 2,000 யுவான் வரை அபராதமும் விழலாம். அபராதத்தை விடப் பெரிய சிக்கல் இன்னொன்று உண்டு. வேலை விசாவில் வந்தவர் நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அங்கே முதலில் கேட்பது இந்தப் பதிவுச் சீட்டைத்தான். புது விசா ஒட்டினாலும், பாஸ்போர்ட் மாறினாலும், வீடு மாறினாலும் திரும்பப் பதிய வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பினால் மறுபடி பதிய வேண்டுமா என்பதை உங்கள் காவல் நிலையத்திலேயே கேட்டுவிடுங்கள், நண்பர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள்.

முன்பணக் கணக்கு ஊருக்கு ஊர் மாறும். குவாங்சோ, ஷென்சென் பக்கம் இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை என்பது சகஜம். பெய்ஜிங், ஷாங்காய் பக்கம் ஒரு மாத முன்பணத்தோடு மூன்று மாத வாடகையை மொத்தமாகக் கேட்பார்கள். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவருக்கு இதெல்லாம் தூசு. ஏஜென்ட் கமிஷன் தனி. கம்பெனி உங்களுக்கு வாடகைப் பணத்தைத் திருப்பித் தருவதாக இருந்தால், வரி ரசீதான 'ஃபாபியாவ்' தர முடியுமா என்பதையும் கையெழுத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். ரசீது போட்டால் வீட்டுக்காரர் வரி கட்ட வேண்டும், அந்தப் பணத்தை உங்கள் வாடகையில் ஏற்றுவார். கையெழுத்தான பிறகு கேட்டால் முகம் சுருங்கும்.

மலிவாக வேண்டும் என்று நகருக்குள் சிக்கிக்கொண்ட பழைய கிராமங்களுக்குள் போகிறவர்கள் உண்டு. ஷிபாய் மாதிரி இடங்களில் ஒரு வீட்டு ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடிக்கலாம். நடுப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும், துணி காயாது, மின்சாரத்துக்கு யூனிட் விலையை வீட்டுக்காரரே ஏற்றி வைத்திருப்பார். தனியாளாகக் கொஞ்ச நாள் தள்ளுவதற்குச் சரி, குடும்பத்தோடு வேண்டாம். கேட், வாட்ச்மேன், 'வூயே' என்கிற பராமரிப்பு அலுவலகம் எல்லாம் உள்ள குடியிருப்பு வளாகமே நமக்கு நல்லது. குழாய் ஒழுகினால், சாவி தொலைந்தால், பார்சல் காணாமல் போனால் நீங்கள் போய் நிற்கப் போவது அந்த வூயே அறையில்தான். முதல் நாளே போய் ஒரு வணக்கம் போட்டு, அந்தக் கட்டடத்துக்கான வீசாட் (இங்குள்ளவர்களின் வாட்ஸ்அப்) குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். தண்ணீர் நிறுத்தம், லிஃப்ட் பழுது எல்லாம் அதில்தான் வரும்.

புதிதாக உள்வேலை முடித்துப் பளபளவென்றிருக்கும் வீடு என்றால் அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். மூக்கில் ஏறுகிற நெடி இருந்தால் அது ஃபார்மால்டிஹைட் என்கிற, பலகைப் பசையிலிருந்து வரும் நச்சு வாயுவாக இருக்கலாம். சீனர்களே புது வீட்டை மாதக்கணக்கில் ஜன்னல் திறந்து ஆறப்போட்டுத்தான் குடிபோவார்கள். பழைய மர அலமாரி உள்ள வீட்டில் அந்தப் பயம் குறைவு.

குடிபோகும் அன்று, ஒரு பெட்டியும் பிரிப்பதற்கு முன், ஃபோனை எடுத்து அறை அறையாக வீடியோ எடுங்கள். சுவர்க் கறை, உடைந்த டைல், ஏசி ரிமோட், மின்சாரம், தண்ணீர், எரிவாயு மூன்றின் மீட்டர் எண்கள் எல்லாம் அதில் விழட்டும். அதை அன்றே வீட்டுக்காரருக்கு வீசாட்டில் அனுப்பிவிடுங்கள். காலி செய்யும்போது முன்பணம் திரும்புமா என்பது பாதி அந்த வீடியோவில் இருக்கிறது. கதவில் எண்பூட்டு இருந்தால் ரகசிய எண்ணை மாற்றுங்கள், சாவிப் பூட்டு என்றால் உள்ளே இருக்கும் உருளையை மட்டும் மாற்றித் தர ஆள் இருக்கிறார்கள்.

வீட்டுக்காரம்மாக்கள் பெரும்பாலும் குரலில்தான் செய்தி அனுப்புவார்கள். பயப்பட வேண்டாம். வீசாட்டில் குரல் செய்தியை அழுத்திப் பிடித்தால் எழுத்தாக மாறும், எழுத்தை அழுத்திப் பிடித்தால் மொழிபெயர்ப்பு வரும். நீங்கள் அனுப்பும்போது சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள், கூடவே படம் வையுங்கள். ஒழுகும் குழாயின் படம் எந்த மொழியிலும் புரியும்.

சமையலறைக்கு வருவோம். அடுப்பைத் திருகினால் டக்கென்ற சத்தம்கூட வரவில்லையா? எரிவாயு தீர்ந்துவிட்டது என்று வூயேவுக்கு ஓடாதீர்கள். அடுப்புக்கு அடியில் கையை விட்டுத் தடவினால் சின்னதாக ஒரு மூடி தட்டுப்படும். திறந்தால் உள்ளே பழைய டார்ச்சில் போடுகிற தடிமனான பேட்டரி ஒன்று. அதை மாற்றினால் அடுப்பு பற்றிக்கொள்ளும். இங்குள்ள அடுப்பு, உருண்ட அடி வாணலிக்காகச் செய்தது, தீ சீறிக்கொண்டு வரும். சின்ன குக்கரும் தோசைக்கல்லும் அதன் மேல் ஆடும், மேலே வைக்க ஒரு இரும்பு வளையம் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து மிக்ஸி கொண்டுவரலாம், இங்கே 220 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், நம் ஊர் 230 வோல்ட்டுக்குப் பக்கம்தான். ஆனால் நம் உருண்டை முள் பிளக் இங்குள்ள சாக்கெட்டில் நுழையாது. சுமையைத் தாங்குகிற நல்ல அடாப்டரை ஊரிலேயே வாங்கி வையுங்கள்.

குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கக் கூடாது. கொதிக்க வைக்கலாம், அல்லது பெரிய கேனுக்குச் சொல்லிவைத்தால் வாசலுக்கே வரும்.

அரிசி விஷயத்தில் குவாங்சோ நமக்கு வசதியான ஊர். வடகிழக்குச் சீனத்து அரிசி குட்டையாக ஒட்டிக்கொள்ளும், ரசத்துக்கு ஒத்துவராது. இந்த குவாங்டாங் மாகாணத்து நீள அரிசி, 'ஸுமியாவ்' என்பது, பருக்கை பருக்கையாக விடும், நம் வாய்க்குப் பழகிவிடும். வெண்டை, பாகல், கத்தரி, கொத்தமல்லி, இஞ்சி, பச்சை மிளகாய் எல்லாம் தெருச் சந்தையில் உண்டு. பச்சைப் பயறு எங்கும் கிடைக்கும். உளுந்துக்கும் சாம்பார்ப் பொடிக்கும்தான் யுவேஷியூ மாவட்டத்தில் ஷியாவ்பெய் பக்கம் போக வேண்டும். ஆப்பிரிக்க, அரபு, தெற்காசிய வியாபாரிகள் புழங்கும் இடம் அது.

குளியலறையில் நம்மவர் முதலில் தேடுவது எது என்று சொல்லத் தேவையில்லை. இருக்காது. 'தாவ்பாவ்' என்கிற இணையக் கடையில் கழிப்பறைக் கைக்குழாய் என்று மொழிபெயர்த்துத் தேடினால் வரிசையாக வரும். இணைப்பு அரை அங்குல அளவுதான், ஒரு ஸ்பேனர் இருந்தால் நாமே மாட்டலாம். பழையதைக் கழற்றினால் எடுத்து வையுங்கள், காலி செய்யும்போது திரும்ப மாட்டிக் கொடுக்க வேண்டும்.

இங்கே யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று ஈரம். சென்னைக்காரருக்கு ஈரம் புதிதா என்று கேட்பீர்கள். இது வேறு மாதிரி. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, குளிர் விட்டுத் தென்கடல் காற்று திடீரென்று சூடாக வரும்போது, சுவரும் தரையும் இன்னும் சில்லென்று இருக்கும். காற்றிலுள்ள ஈரமெல்லாம் அதன் மேல் நீராக இறங்கும். கண்ணாடியில் எதுவும் தெரியாது, டைல் தரை வழுக்கும், லிஃப்ட் வாசலில் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டு வைப்பார்கள். உள்ளூரில் இதற்கு 'ஹுய்நான்தியன்' என்று பெயர். மூச்சு முட்டுகிறதே என்று ஜன்னலைத் திறப்பதுதான் நம் வழக்கம், இங்கே அதைச் செய்தால் வீடு முழுக்கத் தண்ணீர். முக்கியமாகத் தெற்குப் பார்த்த ஜன்னல்களை அடைத்துவிட்டு ஏசியை ஈரம் உறிஞ்சும் நிலையில் ஓட விடுங்கள். பட்டுப்புடவை, தோல் செருப்பு, சான்றிதழ்கள், மசாலா டப்பா நான்குக்கும் பூஞ்சை ஆபத்து உண்டு. கீழ்மாடிகளில் இது ரொம்ப அதிகம், அதனால் வீடு பார்க்கும்போதே ஐந்துக்கு மேல் கேளுங்கள். மாடிக் கணக்கில் கவனம்: நம் ஊர்த் தரைத்தளம்தான் இங்கே 1-ஆவது மாடி. சில கட்டடங்களில் 4 என்ற எண்ணே இருக்காது.

குளிர்காலத்தில் வடசீனாவைப் போல இங்கே அரசு சூடேற்றும் குழாய்கள் கிடையாது. ஜனவரியில் வெளியே இருப்பதை விட வீட்டுக்குள்தான் அதிகம் குளிரும். வெந்நீருக்கு எரிவாயு கெய்சர் இருந்தால் அதன் புகைக்குழாய் வெளியே போகிறதா என்று பாருங்கள். போகவில்லை என்றால் அந்த வீடே வேண்டாம், கார்பன் மோனாக்ஸைடு மணக்காது.

பணம், ஃபோன் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபோனிலேயே பணம் கட்டும் அலிபேயிலும் வீசாட்டிலும் விசா கார்டு, மாஸ்டர் கார்டுகளை இணைக்கலாம். ஒரே தடவையில் 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், அதனால் வாடகைக்கு உள்ளூர் வங்கிக் கணக்கு தொடங்குவதே லாபம். பாஸ்போர்ட் காட்டி சைனா மொபைல் கடையில் சிம் வாங்குங்கள். ஊர் சிம்மைத் தூக்கி எறியாதீர்கள், நம் வங்கியின் ஓடிபி அதில்தான் வரும். வாட்ஸ்அப்பும் ஜிமெயிலும் உள்ளூர் இணைப்பில் திறக்காது. இந்தியாவில் வீசாட்டுக்கு 2020 முதல் தடை, அதனால் அம்மாவோடு எப்படிப் பேசுவது என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்து, அழைத்துப் பழக்கிவிட்டு வாருங்கள்.

ஓர் ஓய்வு நாளில் மெட்ரோ பிடித்து சாங்ஷோ சாலை நிலையத்தில் இறங்கிப் ஜேட் என்கிற பச்சைக்கல் விற்கும் கடைகளுக்கு நடுவே ஹுவாலின் கோயிலைப் பாருங்கள். போதிதர்மர் கப்பலில் வந்து கரையேறிய இடம் என்று இங்கே மரபாகச் சொல்கிறார்கள். காஞ்சிபுரத்துக்காரர் என்று நாம் சொல்லிக்கொள்கிற அதே ஆள்தான்.

வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் இந்த ஊரின் பாட்சோ பகுதியில் கான்டன் கண்காட்சி என்கிற பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும். ஹோட்டல் விலை எகிறும்போது திருப்பூரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் உறவுக்காரர்கள் உங்களுக்கு ஃபோன் போடுவார்கள்: "மாப்பிள்ளை, நாலு நாள் உங்க வீட்டு சோஃபா போதும்." தாராளமாக வரட்டும். ஆனால் அவர்களுக்கும் அதே 24 மணி நேரம்தான். பெட்டியை வைத்த கையோடு பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள், வீட்டுக்காரரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.